கொங்குக் கைகளில் கலைக்களஞ்சியம்

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தது 1982-இல். ஆனால் தமிழில் அறிவு நூல் வேண்டும் என்ற முனைப்பு கொங்கு மண்ணில் அதற்கு வெகுகாலம் முன்பே வேர்விட்டிருந்தது.

திருப்பூர்க்காரரான தி.சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானது 1946-இல். அதே ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கழகம் கையிலெடுத்த பெரும்பணி கலைக்களஞ்சியம். அதன் முதன்மை ஆசிரியர் பொறுப்பு பெ. தூரனிடம் வந்தது. மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்த தூரன், அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். இசைக் கச்சேரிகளில் அவர் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கலைக்களஞ்சிய முகம் தெரியுமோ!

வேலை லேசானதல்ல. இயற்பியல், மருத்துவம், தாவரவியல் என்று துறைதோறும் அறிஞர்களைப் பிடித்து எழுதி வாங்க வேண்டும். பல கருத்துகளுக்குத் தமிழில் அதுவரை சொல்லே கிடையாது. கலைச்சொல்லையும் ஆக்கிக்கொண்டே கட்டுரையைச் செப்பனிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய அலுவலகத்திலிருந்து முதல் தொகுதி 1954-இல் வந்தது. இணைப்புத் தொகுதியான பத்தாவது வந்தபோது ஆண்டு 1968. அந்த ஆண்டே தூரனுக்குப் பத்மபூஷண்.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்று இன்னொரு பத்துத் தொகுதிகள்!

கோவையும் சும்மா இருக்கவில்லை. ஜி.ஆர். தாமோதரன் 1948-இல் தொடங்கிய ‘கலைக்கதிர்’ மாத இதழ், அறிவியலைத் தமிழில் எழுதிப் பழக்கியது. 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டப்படிப்பே தமிழ்வழியில் தொடங்கியது. அப்போதைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.

தூரனின் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று யாரும் காசில்லாமல் புரட்டலாம்.