நோயும் நொப்பியும்: சித்தூர் வட்டாரத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. அவ்வாண்டில் தனி மாவட்டமாயிற்று. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கிவருகின்றன. 1853இல் நிறுவப்பெற்று இவ்வட்டாரத்தில் பணியாற்றிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன், ஒல்லாந்து மரபில் வந்த சீர்திருத்தத் திருச்சபையினுடையது. ஸ்கடர் குடும்பத்தினர் பலர் அதில் மருத்துவர்களாக விளங்கினர். ஆங்கிலம் பேசிய மருத்துவர்க்கு நோயாளியின் முறையீடு இரு திராவிட மொழிகளில் வந்து சேர்ந்தது.

'சிக்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வழக்கில் அது பெரும்பாலும் பொதுவாக உடல்நலமின்மையைச் சுட்டும். பிரித்தானிய வழக்கில் குமட்டலையும் வாந்தியையும் சிறப்பாகச் சுட்டும். குமட்டற் பொருளில் அதனை ஒல்லாந்து மொழியிற் பெயர்ப்போர் 'மிசெலக்' என்னும் பெயரடையை இட்டால் போதும். 'நான்' என்னும் எழுவாய் மாறுவதில்லை. தமிழிலோ வாக்கியமே மாறுகிறது. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பதில் உடம்பு எழுவாய். உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். தெலுங்கின் 'நாகு ஒண்ட்லோ பாகாலேது' என்பதில் உணர்பவர் நான்காம் வேற்றுமையே ஏற்பினும், உடம்பு இடப்பொருளில் நிற்கிறது. இவ்வமைப்புத் திராவிடத்திற்கு மட்டும் உரியதன்று. 'மிர் இஸ்ட் ஊபெல்' என்னும் ஜெர்மானியத் தொடரிலும் உணர்பவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறார்.

பொருள் வரலாறும் நோக்கத்தக்கது. ஆங்கில 'டிசீஸ்' முதலில் நிம்மதியின்மையையே குறித்தது. பின்னரே பிணியைக் குறித்தது. சங்கத் தமிழில் காதல் துன்பத்தையும் குறித்த 'நோய்' இன்று பெரிதும் பிணியையே குறிக்கிறது. அதனோடு ஒரே வேரினதாகிய தெலுங்கு 'நொப்பி' இன்றும் வலியையே சுட்டுகிறது.

வடசொற் பொதுமையும் நம்பத்தக்கதன்று. தெலுங்கில் 'கடுபுலோ விகாரம்' என்பது வயிற்றுக் குமட்டல். அச்சொல்லை அப்படியே தமிழிற் பெயர்த்தால் அது உருக்குலைவையோ அழகின்மையையோ சுட்டிவிடும். மருத்துவமனைக் குறிப்பில் இப்பிழை நேரின், வாந்தி வரும் நிலையிலுள்ளவர் வயிறு வீங்கியவராகக் கருதப்படலாம்.

எனவே, உடல்நலமின்மையைப் பெயர்ப்போர் சொல்லுக்குச் சொல் தேடுவதோடு அமைதல் கூடாது. உணர்வது யார், உணர்வு நிகழும் இடம் யாது, அது வலியா குமட்டலா மனக்கலக்கமா என்பவற்றை முதலிற் பிரித்தறிதல் வேண்டும். அகராதி தரும் நிகர்ச்சொல் அதற்குப் பின்னரே பயன்படும்.