நெப்ராஸ்காவிலிருந்து இங்கினியாகலைக்கு

சேனநாயக்க சமுத்திரத்தை நம்மட பக்கத்தில தெரியாதவர் இல்லை. டி. எஸ். சேனநாயக்க அதைத் தொடங்கி வைத்தார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த அணைக்கட்டை உண்மையில் கட்டியது யார்? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பொய்சி என்ற ஊரிலிருந்து வந்த மொரிசன்-நூட்சன் கம்பனி. அந்தப் பெயரின் பின்பாதிக்குச் சொந்தக்காரர் ஒரு விவசாயி. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மொரிஸ் ஹான்ஸ் நூட்சன் 1862இல் டென்மார்க்கில் பிறந்தவர். நோர்வே, டென்மார்க் என்றால் இன்று நமக்குப் பணக்கார நாடுகள். நோர்வே என்றதும் 2002 போர்நிறுத்தமும் தூதுவர்களும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே நிலம் போதாமல் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். நோர்வேயிலிருந்து மட்டும் சுமார் 8 லட்சம் பேர் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி நகரத்துக்கு இல்லை, புல்வெளி மாநிலங்களுக்கு. நூட்சன் பிறந்த அதே 1862இல்தான் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது: 160 ஏக்கர் எடுத்து, அஞ்சு வருசம் அதில குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உனக்கே. நெப்ராஸ்கா இப்படி நிரம்பிய மாநிலம். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பாவ்னி மக்கள் 1870களில் தெற்கே ஒக்லஹோமாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் காடு, வெறும் நிலம் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் நின்று கேட்கிறது நல்லம்.

நூட்சன் நெப்ராஸ்காவில் விவசாயம் செய்தார். பிறகு ஐடஹோவுக்கு வந்தார். அங்கே மழை குறைவு, வாய்க்கால் வெட்டாமல் ஒன்றும் முளைக்காது. அரசாங்கம் நீர்ப்பாசன வேலைகளைத் தொடங்கியிருந்தது. இவர் தன் குதிரைகளையும், மண் வாருகிற இரும்புக் கோரியையும் கொண்டுபோய் கால்வாய் வேலைக்கு நின்றார். நம்மட ஊரில் ட்ரக்டர் வைத்திருக்கிறவர் ரோட்டு வேலைக்குப் போகிற மாதிரித்தான். அங்கேதான் ஹரி மொரிசன் என்ற இளைஞரைச் சந்தித்தார்.

1912இல் இருவரும் கூட்டுச் சேர்ந்தபோது நூட்சனுக்கு 50 வயசு, மொரிசனுக்கு 27. கையில் 600 டொலர், குதிரைகள், கொஞ்சம் தள்ளுவண்டி, மண்வெட்டி. முதல் வேலையே நட்டம். இருபது வருசத்துக்குள் அதே கம்பனி இன்னும் சில கம்பனிகளோடு சேர்ந்து ஹூவர் அணையைக் கட்டிக்கொண்டிருந்தது. இதில் மொரிசனின் ஓட்டம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் குதிரையும் கோரியும் இல்லாமல் அந்த ஓட்டம் எங்கே தொடங்கியிருக்கும்?

நூட்சன் 1942இல் இறந்துவிட்டார். ஏழு வருசம் கழித்து, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. கம்பனியின் யந்திரங்கள் இங்கினியாகலைக்கு வந்தன. 1951 அளவில் அணை முடிந்தது. குளம் 7 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி தண்ணீர் பிடிக்கும். நம்ம ஆக்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்னதற்குக் கல்லோயா என்ற பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீருக்குள் போன காட்டில் வேடர்கள் வேட்டையாடித் திரிந்த இடங்களும் இருந்தன.

பிறகு நடந்ததும் நெப்ராஸ்காக் கதைக்குக் கிட்டத்தான். குடியேற்றவாசிக்குத் தொடக்கத்தில் 4 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டு நிலம். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும், பெரும்பாலும் சிங்களக் கிராமங்களிலிருந்து, குடும்பங்கள் வந்தன. 160 ஏக்கரோடு ஒப்பிட்டால் இது கைக்குட்டை அளவு, ஆனால் நிலமில்லாத குடும்பத்துக்கு அது உயிர். 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், இதே கல்லோயாவில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமானது. கல்முனையும் சம்மாந்துறையும் அதற்குள் வந்தன. யார் எத்தனை பேர் என்ற கணக்கு அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

பெரிய குளம் என்றால் எல்லாருக்கும் தண்ணீர் என்று நினைப்போம். வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவனுக்குத்தான் முதல் தண்ணீர், கடைசியில் இருக்கிறவனுக்கு மிச்சம். போடியாரானாலும் குத்தகைக்காரனானாலும் இதில் ஒன்றுதான். இடதுகரையில் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகள் பலர்.

1981 சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்த வருசம் விவசாயிகள் கூடிப் பேசி, முறை வைத்துத் தண்ணீர் விட்டு, தலைப்பில் மிச்சம் பிடித்ததைக் கீழே அனுப்பினார்கள். அதற்கு முன்னால் வருசக்கணக்காய்த் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் தாங்களே இறங்கித் துப்புரவாக்கினார்கள், கையில் மண்வெட்டியோடு.