அவையின் கண்ணும் நாவும்

இங்கிலாந்து மக்களவையின் தலைவர் மன்னருக்கு உரியவரா, அவைக்கு உரியவரா என்னும் வினாவிற்கு 1642ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஒரே தொடரில் விடை கிடைத்தது. அவ்விடையின் அருமையை உணர 13 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அவைத்தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர் எனினும், அக்காலத்தில் அவர் மன்னரின் குறிப்பறிந்து நடப்பவராகவே இருந்தார். 1629 மார்ச் 2ஆம் நாள் அவையை ஒத்திவைக்குமாறு முதலாம் சார்லஸ் மன்னர் ஆணையிட்டார். அவைத்தலைவர் ஜான் ஃபின்ச் அதற்கு அடங்கி எழ முற்பட்டார். டென்சில் ஹோலிஸ், பெஞ்சமின் வாலண்டைன் என்னும் உறுப்பினர் இருவர் அவரை இருக்கையிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டனர். மன்னரின் வரிவிதிப்பையும் சமயக் கொள்கையையும் கண்டிக்கும் தீர்மானங்கள் அந்நிலையிலேயே முழக்கத்துடன் ஏற்கப்பட்டன. ஃபின்ச் கண்ணீர் விட்டார். இரு தலைவர்க்கு ஒருசேரப் பணிசெய்ய இயலாதவரின் கண்ணீர் அது. அதன்பின் மன்னர் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார்.

ஸ்காட்லாந்துப் போரின் செலவு 1640இல் அவரை மீண்டும் நாடாளுமன்றத்தை நாடச் செய்தது. ஆயினும் பூசல் தணியவில்லை, முற்றியது. 1642 சனவரி 3ஆம் நாள் ஜான் பிம், ஜான் ஹாம்ப்டன், ஆர்தர் ஹேசல்ரிக், வில்லியம் ஸ்ட்ரோட், முன்னர்க் குறித்த ஹோலிஸ் ஆகிய ஐவர்மீதும் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவை அவர்களை ஒப்படைக்கவில்லை. மறுநாள் சுமார் 400 வீரர்கள் புடைசூழ மன்னர் தாமே வந்தார். வீரர்களை வெளியே நிறுத்தி அவைக்குள் நுழைந்தார். தலைவரின் இருக்கையைச் சற்றுக் கடனாகக் கேட்டு, அங்கிருந்து பேசினார். ஐவரும் எங்கே என வினவினார். அவர்களோ முன்னரே செய்தியறிந்து, தேம்ஸ் ஆற்றில் படகேறி லண்டன் நகருக்குள் மறைந்துவிட்டனர்.

அன்று தலைவராயிருந்த வில்லியம் லெந்தால் வீரத்திற்குப் பெயர்பெற்றவர் அல்லர். அவர் மன்னர்முன் மண்டியிட்டார், மன்னிப்பும் வேண்டினார். ஆனால், அவை பணித்தாலன்றி இவ்விடத்தில் தமக்குக் காணக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்று விடையிறுத்தார். முழந்தாள் பணிந்தது, சொல் பணியவில்லை. பறவைகள் பறந்துவிட்டன என்றுரைத்து மன்னர் வெளியேறினார். அவையின் உரிமையைச் சுட்டும் முழக்கம் அவரைப் பின்தொடர்ந்தது. அவை எழுத்தர் ஜான் ரஷ்வொர்த் சுருக்கெழுத்தில் குறித்துவைத்தமையால் அன்றைய உரைகள் இன்றும் கிடைக்கின்றன.

சில நாள்களில் மன்னர் லண்டனை நீங்கினார். ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649 சனவரி 30ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. எனினும் இதனை அவையின் முழு வெற்றி எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1653 ஏப்ரல் 20ஆம் நாள் கிராம்வெல் படையுடன் புகுந்து அவையைக் கலைத்தபோது, இதே லெந்தால் இருக்கையிலிருந்து இறக்கப்பட்டார். மன்னரைத் தடுத்த சொல்லால் படைத்தலைவரைத் தடுக்க இயலவில்லை.

ஆயினும் நிலைத்தது அச்சொல்லே. மக்களவை கூடியிருக்கையில் அரசர் எவரும் அதனுள் நுழைவதில்லை என்பது மரபாயிற்று. நாடாளுமன்றத் தொடக்க விழாவில் உறுப்பினர்களை அழைக்க வரும் அரசரின் தூதரான கருங்கோல் அலுவலரின் முகத்தெதிரே இன்றும் கதவு சாத்தப்படுகிறது. அவர் மும்முறை தட்டிய பின்னரே அது திறக்கப்படுகிறது.