பழைய இரும்பும் புதிய அச்சும்

மோட்டார் வண்டியின் வரலாற்றிலே தொழிற்சாலைக்குள் நிகழ்ந்தவை ஒரு பகுதி. தொழிற்சாலையை விட்டு நீங்கிய பின்னர் அவ்வண்டிக்கு நேர்ந்தவை மற்றொரு பகுதி. இரண்டாவது பகுதியில் ஐக்கிய அமெரிக்க இளைஞர் எழுதிய அத்தியாயம் தனிச்சுவை உடையது. பழைய போர்ட் வண்டியொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, ஓட்டத்துக்கு உதவாத மட்கார்ட், முன்கண்ணாடி முதலியவற்றைக் கழற்றி எறிந்து, இயந்திரத்தின் வலுவைப் பெருக்கி, புத்தம் புதிய வண்டிகளையும் முந்தி ஓடச் செய்தனர் அவ்விளைஞர். இத்தகைய வண்டிக்கு 1940களிலே ‘ஹொட் ரொட்’ என்னும் பெயர் நிலைத்தது. இதனைப் போற்றுவோரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கு ஒன்றுண்டு. பழைய வண்டி எதனையும் தொடாது, அதன் வடிவிலே புதிதாக வார்த்த உடற்கூட்டையும் பெட்டிகளில் வந்திறங்கும் உறுப்புகளையும் விலைக்கு வாங்கிப் பூட்டிய பிரதி வண்டி இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதானா என்பதே அவ்வழக்கு.

சேராது என்போர் கூறும் முதற் காரணம், முன்னோர் யாவற்றையும் தம் கையாலேயே செய்தனர் என்பது. இக்கூற்றை வரலாறு முழுமையாக ஆதரிக்கவில்லை. போர்ட் நிறுவனத்தின் ‘ரி’ மொடல் வண்டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் வெளிவந்தது. மலிவான வண்டி, உறுதியான வண்டி, ஆயின் அதன் வலு 20 பரிவலுவே. அந்தக் குறையை நிரப்பவென்றே ஒரு வாணிகம் எழுந்தது. தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தை விட்டு விலகிய லூயி செவ்ரோலே தம் சகோதரர் ஆதருடன் சேர்ந்து, ‘ரி’ மொடலின் இயந்திரத்துக்கு வலுவூட்டும் ‘புரொண்டினாக்’ மேற்றலைகளைச் செய்து விற்றார். விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரிலிருந்து ‘ராஜோ’ மேற்றலைகள் வந்தன. பந்தய வண்டியின் தோற்றந் தரும் உடற்கூடுகளைத் தபால்மூலம் தருவித்துப் பழைய ‘ரி’ மொடலின்மேற் பூட்டிக்கொள்ளும் வழக்கமும் அக்காலத்திலேயே இருந்தது. ஆகவே, விலைப்பட்டியலைப் பார்த்து உறுப்பு வாங்குதல் ‘ஹொட் ரொட்’ என்ற பெயரினும் மூத்த வழக்கம்.

1930களில் தென் கலிபோர்ணியாவின் வறண்ட ஏரிப்படுகைகள் இவ்வண்டிகளின் களமாயின. மியூரொக் ஏரியின் தட்டையான களிமண் தரையிலே விடியற்காலையில் வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்தனர். ஒழுங்கின்றி நடந்த இவ்வோட்டங்களை நெறிப்படுத்தவே தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கம் 1937இல் அமைந்தது. 1932இல் போர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட ‘வி-8’ இயந்திரத்தைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் அளித்தது. அதன் வலு 65 பரிவலு. அவ்வாண்டு வண்டியின் அடிச்சட்டம் மறைவின்றி வெளியே தெரியும்படி அழகிய விளிம்போடு அமைந்திருந்தது. எனவே முந்திய ‘ஏ’ மொடலின் உடற்கூட்டை எடுத்து 1932ஆம் ஆண்டு அடிச்சட்டத்தின்மேல் ஏற்றுவது பலருக்கும் விருப்பமான முறையாயிற்று. ஒரு வண்டியின் உடல், மற்றொன்றின் எலும்பு, வேறொன்றின் இதயம்! ஒரே பிறப்புடைய ஹொட் ரொட்டைத் தேடுவோர் தொடக்க காலத்திலேயே ஏமாந்திருப்பர்.

கண்ணாடி நார், அதாவது ‘பைபர்கிளாஸ்’, வந்தபோதே வழக்கு உண்மையிற் பிறந்தது. படகு கட்டுவோர் கையாண்ட இப்பொருளைக் கொண்டு பில் ட்ரிட் என்பவர் 1951இல் ‘கிளாஸ்பார்’ உடற்கூட்டை உலகுக்குக் காட்டினார். 1953இல் செவ்ரோலே நிறுவனம் தன் ‘கொர்வெற்’ வண்டியையே இப்பொருளாற் செய்தது. செய்முறை எளிது. நல்ல உடற்கூடு ஒன்றன்மீது அச்சு எடுத்து, அவ்வச்சினுள்ளே நார்த்துணியைப் பரப்பிப் பிசினைப் பூசி, இறுகியபின் உரித்தெடுத்தால் அதே வடிவம் கிடைக்கும். தகட்டை நெளிக்கும் பேரியந்திரங்கள் தேவையில்லை. ஒரு கொட்டிலே போதும்.

இதே வேளையில் நோர்ம் கிரபோவ்ஸ்கி என்னும் இளைஞர், 1922ஆம் ஆண்டு ‘ரி’ மொடலின் முற்பாதியையும் ‘ஏ’ மொடற் பாரவண்டியின் குறுக்கப்பட்ட பெட்டியையும் இணைத்து, கடிலாக் இயந்திரம் பூட்டிய வண்டியொன்றைச் செய்திருந்தார். 1958இல் தொடங்கிய ‘77 சன்செற் ஸ்றிப்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அது தோன்றியது. அதனைக் கண்ட இளைஞர் எல்லாரும் அதுபோல ஒன்றை விரும்பினர். ஆயின் ‘ரி’ மொடல் உடல்கள் எங்கே? துருப்பிடித்தவை சில, போர்க்காலத்தில் இரும்புக்காக உருக்கப்பட்டவை பல. அவ்வெற்றிடத்தைக் கண்ணாடி நார் உடற்கூடு நிரப்பிற்று. 1950களின் இறுதியில் ‘ரி’ மொடல் வடிவத் தொட்டிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் அடிச்சட்டம், அச்சாணி, ஆசனம் எல்லாம் சேர்ந்த முழு உறுப்புத் தொகுதியாகவே அவை கிடைத்தன. கைப்பொருள் குறைந்தவனுக்குத் திறந்த வாயில் இதுவே என்பதை மறுக்க முடியாது.

1932ஆம் ஆண்டு வண்டிக்கும் அதே விதி நேர்ந்தது. 1963இல் ‘பீச் போய்ஸ்’ குழுவினர் அதன்மேற் பாட்டிசைத்தனர். 1973இல் ‘அமெரிக்கன் கிரபிற்றி’ என்ற திரைப்படத்தில் மஞ்சள் நிற 1932 வண்டி கதாநாயகர்களில் ஒருவரைப் போலவே வலம் வந்தது. 1970இல் இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரிலே, 1948ஆம் ஆண்டுக்குப் பிற்படாத வண்டிகளுக்கான முதலாவது தேசியப் பெருங்கூட்டம் நடந்தது. விருப்பம் பெருகியது, இரும்பு பெருகவில்லை. உடற்கூட்டைத் தொடர்ந்து அடிச்சட்டமும் புதிதாகச் செய்யப்பட்டது. ஈற்றில், 1932இற் பிறந்த ஓர் ஆணியேனும் இல்லாத ‘1932 போர்ட்’ வீதிக்கு வந்தது.

எதிர்ப்போரின் வாதத்திலே வலுவான பகுதியொன்றும் உண்டு. அது பொருளைப் பற்றியதன்று, உழைப்பைப் பற்றியது. கூரையைத் தாழ்த்துதல் ஹொட் ரொட் கலையின் உயர்ந்த தேர்ச்சிகளுள் ஒன்று. தூண்களை அறுத்துச் சில அங்குலம் நீக்கியபின், சாய்ந்த தூண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. கூரையைப் பிளந்து நீட்டி, இடைவெளிக்குத் தகடு வெட்டி ஒட்டி, கதவும் கண்ணாடியும் மீண்டும் இசையச் செய்யவேண்டும். எத்தனை அங்குலம் நீக்குவது என்பது கண்ணின் தீர்ப்பு. தவறினால் வண்டி கெட்டது. இன்று விற்கப்படும் பிரதிகள் பலவற்றிலே கூரை அச்சிலேயே தாழ்த்தப்பட்டிருக்கிறது. கதவு அகலமாக்கப்பட்டிருக்கிறது; பிணைச்சல் உள்ளே மறைக்கப்பட்டிருக்கிறது. வாங்குபவன் எடுக்கவேண்டிய தீர்மானங்களை அச்சுக்காரன் எடுத்துவிட்டான். ஒரே அச்சில் வந்த பத்து வண்டிகளை வரிசையில் நிறுத்தினால் நிறம் ஒன்றே வேறுபாடு என்று பழைய கைகள் நகைப்பதிற் காரணம் உண்டு.

எனினும் பிரதி என்ற சொல்லைச் சற்று ஆராய வேண்டும். எதன் பிரதி? கரோல் ஷெல்பி 1962இல் தொடங்கிச் செய்வித்த ‘கோப்ரா’ வண்டிகள் ஏறக்குறைய ஆயிரம். இன்று ஓடுபவற்றிற் பெரும்பாலானவை பிறர் செய்த பிரதிகள். அங்கே பிரதியாவது ஒருவரின் முடிந்த படைப்பு. உண்மைக் கோப்ரா என்று ஒன்று இருப்பதனாலேயே மற்றது போலியாகிறது. 1932ஆம் ஆண்டு போர்டின் உடற்கூடு அத்தகையதன்று. ஹொட் ரொட் செய்பவனுக்கு அது மூலப்பொருள். தச்சனுக்குப் பலகை போன்றது. போர்ட் தொழிற்சாலை அதனை ஹொட் ரொட்டாகச் செய்து விற்றதில்லை ஆதலின், புதிய உடற்கூட்டில் ஒருவன் தன் எண்ணப்படி செய்த வண்டி எதற்கும் போலியாகாது. கிரபோவ்ஸ்கியின் வண்டியைக் கடைசி ஆணிவரை பார்த்துச் செய்தால் மட்டுமே அது பிரதி. அவ்வண்டி முழுதும் பழைய இரும்பாலானாலும் பிரதியே.

பொருளின்மீதுள்ள வெறுப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் புரூக்வில் நிறுவனம் சான்று. அங்கே ‘ஏ’ மொடலினதும் 1932ஆம் ஆண்டினதும் உடற்கூடுகள் புதிய உருக்குத் தகட்டிலேயே அடித்துச் செய்யப்படுகின்றன. அவையும் நேற்றுப் பிறந்தவையே. அவையும் விலைப்பட்டியலில் உள்ளவையே. ஆயினும் கண்ணாடி நாரைக் கண்டு முகஞ் சுளிப்போரிற் பலர் இவற்றை மகிழ்ந்து ஏற்கின்றனர். தட்டிப் பார்த்தால் இரும்பின் ஓசை கேட்கிறதல்லவா! பழமைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, ஓசையின் அளவில் முடிந்துவிடுவது விந்தையே.

சட்டத்தின் பார்வை வேறு. அக்காலப் போர்ட் வண்டியின் இலக்கம் அடிச்சட்டத்திற் பொறிக்கப்பட்டது; உடற்கூட்டிலன்று. ஆதலின் பழைய அடிச்சட்டத்தின்மேல் புதிய உடல் அமர்ந்தால் ஏடுகளில் அது 1932ஆம் ஆண்டு வண்டி. உண்மையான பழைய உடல் புதிய அடிச்சட்டத்தின்மேல் அமர்ந்தால் அதன் வயதுக்குச் சான்றில்லை. இக்குழப்பத்தில் ஏமாற்றுக்கு இடமுண்டு. கலிபோர்ணியாவில் 2001இல் இயற்றிய சட்டம் ஓரளவு தெளிவு தந்தது. தனிப்படக் கட்டிய வண்டிகளுள் ஆண்டுக்கு 500க்கு, உடல் அல்லது இயந்திரம் எந்த ஆண்டினதை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டின் புகைவிதியே பொருந்தும். எந்த வண்டியையும் ஒவ்வாதது 1960ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும். 2015இல் மத்திய அரசின் சட்டமோ, 25 ஆண்டுகளேனும் பழைய வடிவங்களைப் போன்ற முழு வண்டிகளைச் சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்க இடமளித்தது. முன்னையது கட்டுபவனுக்கு, பின்னையது வாங்குபவனுக்கு. ஹொட் ரொட் குடும்பத்தின் எல்லையை இரும்புக்கும் நாருக்கும் இடையே போடுவதைவிட, இவ்விரு சட்டங்களுக்கும் இடையே போடுவது பொருத்தமாகும். திறப்பைக் கையிற் பெற்று ஓட்டிச்செல்லும் வண்டி எத்துணை அழகியதாயினும், அதில் உடையவனின் வேலை எதுவுமில்லை.

பொய் சொல்லாதிருத்தல் ஒன்றே பிரதிக்காரரிடம் கேட்கவேண்டியது. 1997இல் பெபிள் பீச் நகரின் புகழ்பெற்ற வண்டிக் காட்சி முதன்முறையாக ஹொட் ரொட்டுகளுக்கென ஒரு பிரிவைத் திறந்து, டோன் ஸ்பென்சர் கட்டிய 1932 வண்டிக்குப் பரிசளித்தது. அன்று முதல் பழைய வண்டிகள் வரலாற்றுச் சான்றுகளாயின. அவற்றின் விலையும் உயர்ந்தது. இத்தகைய காலத்திற் புதிய உடலைப் பழையதென்று விற்பவன் வாங்குபவனை மட்டுமன்றி, யார் எதை எப்போது செய்தார் என்ற கதையையும் கெடுக்கிறான். மறுபுறம், புதிய உடலைப் புதியதென்றே கூறிக் கட்டுபவன், எஞ்சியுள்ள பழைய உடலொன்றை அறுவாளுக்குத் தப்பவிடுகிறான். பழைய வண்டிகளை அவ்வாறே பேணுவோர் இதற்காகவேனும் அவனுக்கு நன்றி சொல்லலாம்.

‘ரி’ மொடலின் உடலிலிருந்து முதல் அச்சுகள் எடுக்கப்பட்ட நாளில் அந்த இரும்புக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. அவ்வச்சுகளில் வார்த்த கண்ணாடி நார்த் தொட்டிகளுக்கு இன்று அறுபதுக்கு மேலாகிறது.