பட்டியலில் இல்லாத எண்

பொதுத்தேர்வு முடிவுகள் செய்தித்தாளில் வந்த காலத்தில், தேறியவர்களின் பதிவு எண்கள் மட்டுமே அச்சாகும். பொடி எழுத்தில் பத்தி பத்தியாக எண்கள். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வரும்போது 17-க்கு அடுத்து 19 வந்துவிட்டால், 18-ஆம் எண் பிள்ளை தோற்றுவிட்டது என்று பொருள். சென்னை மயிலாப்பூர்த் தெருக்களில் அந்தத் தாளைப் பிள்ளைக்கு முன்பே பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவதும் உண்டு.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-ல் வந்தது; முதல் பிளஸ் டூ தேர்வு 1980-ல் நடந்தது. சில ஆண்டுகளில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வும் சேர்ந்துகொண்டது. பதற்றமும் மனச்சோர்வும் தலைகாட்டும் வயதும் இந்தத் தேர்வுகளை எழுதும் பதின்பருவமே. மனநலக் கோளாறுகளில் பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரீட்சை நாளில் வயிற்றுவலி, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது: இவற்றுக்கு வீடு வைத்த பெயர்கள் சோம்பல், திமிர், கண்ணேறு. சின்னப் பிள்ளையானால் ‘பயந்திருக்கு’ என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். மருத்துவம் என்றதும் நினைவுக்கு வந்தது 1871 முதல் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம். அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டதால், பல பெற்றோர் அந்தப் பக்கம் போகவே கூசினார்கள்.

எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் ‘மக்கு’ என்றே பெயர். அந்தப் பெயரைச் சுமந்தே துவண்டுபோன பிள்ளைகளுக்காக, தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கியது.

அதற்கு முன்பே, 1986-ல், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வை நிறுவியிருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம் அது. லண்டனில் 1953-ல் பிறந்த சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கட்டணமின்றி, புத்திமதி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்டார்கள். தற்கொலை முயற்சி அப்போது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுக்குப் பயந்து குடும்பங்கள் வாய் திறக்காத காலம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது.

மாணவர் மனநலத்தின் இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் மருந்தால் வந்ததல்ல, தேர்வு அட்டவணையால் வந்தது. முன்பெல்லாம் தோற்றவர்கள் அடுத்த வாய்ப்புக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். ஒரு பாடத்தில் சில மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு வருடம் முழுசாகப் போய்விடும். தோழர்கள் கல்லூரிக்குப் போக, தான் மட்டும் வீட்டில் இருக்கும் அந்த வருடத்தின் அவமானத்தைத் தாங்குவது பதினேழு வயதுக்கு எளிதல்ல. உடனடி மறுதேர்வு வேண்டும் என்று லட்சுமி விஜயகுமார் போன்றோர் வலியுறுத்தினார்கள். முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரும் வழி பிறந்தது.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் பள்ளிக்கல்வித் துறை கைவிட்டது. 14416 என்ற மனநல உதவி எண் 2022-ல் வந்தது. மதிப்பெண்கள் இப்போது பள்ளியில் பதிந்த கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகின்றன. பல வீடுகளில் அது அப்பாவின் அல்லது அம்மாவின் கைபேசி; முடிவை முதலில் பார்ப்பவர் இன்றும் அந்தப் பிள்ளையல்ல.