ராஜராஜனின் கொள்ளுப்பாட்டி ஊர்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களால் பழுவேட்டரையர்களை மறக்க முடியாது. உடம்பெல்லாம் 64 விழுப்புண்களோடு மீசையை முறுக்கிக்கொண்டு வருவாரே பெரியவர்... அவருடைய வம்சம் ஆண்ட ஊர்தான் அரியலூருக்குப் பக்கத்திலுள்ள பழுவூர். இன்றைய கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் எல்லாம் சேர்ந்தது.

அந்த வம்சத்தின் பூர்வீகம்? அன்பில் செப்பேடு, பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது! அவர் மகளை மணந்தான் முதலாம் பராந்தகன். பிறந்தவன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் பேரன்தான் ராஜராஜன். ஆக, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவரின் கொள்ளுப்பாட்டி, வெளியிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பெண்!

அரசன் வந்தால் சம்பந்தம் பேசுவோம், சரி. கைக்குழந்தையோடு ஒரு சித்தாள் வந்தால்?

இதற்குப் பதில் சொல்ல, நம்மிடமிருந்து வெளியே போனவர்களைப் பார்க்க வேண்டும். 19-ம் நூற்றாண்டில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஜனங்கள் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அம்மா கொழுந்து பறிக்க மலை ஏறிவிட்டால் குழந்தை? அதற்குத் தோட்டங்களில் வந்ததுதான் 'பிள்ளைக் காம்பரா'. வயதான ஓர் ஆயா, வரிசையாகத் தொட்டில்கள். துரைக்குக் குழந்தைமேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை அழுதால் அம்மாவின் கை நிற்கும்; கை நின்றால் கொழுந்து குறையும். சுத்தமான வரவு - செலவுக் கணக்கு! அத்தனை உழைத்தும், 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

இந்தியா இந்தக் கணக்கை மாற்றி எழுதியது. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1-ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, பால்வாடிக் குழந்தைகளுக்கும் அதில் சோறு உண்டு. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு இலவச உணவை உரிமையாகவே ஆக்கிவிட்டது. 'சொந்த ஊர் எது?' என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

பிறகென்ன சிக்கல்? 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் அருமையான உத்தரவு போட்டது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். ஆனால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பத்துக்குத் தமிழில் மனு எழுதத் தெரியாது. எழுதினாலும், மூன்று மாதம் முடிவதற்குள் தளம் போட்டு முடிந்து, மேஸ்திரி அவர்களை அடுத்த ஊருக்குக் கூட்டிப் போயிருப்பார்!

இதற்கு 1969-லேயே வழி கண்டார் மீரா மகாதேவன். டெல்லியில் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டுமான இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து, அங்கேயே காப்பகம் தொடங்கினார். வேலை நடக்கும் இடமெல்லாம் கூடவே போகிற காப்பகம். 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

அரசு அந்த அளவுக்கு நகரும்வரை ஒரு சின்ன வேலை உங்களுக்கும் உண்டு. உங்கள் தெருவில் புதுக் கட்டடம் எழும்புகிறதா? மணல் குவியலில் ஒரு குழந்தை விளையாடுகிறதா? பக்கத்து அங்கன்வாடி எங்கே இருக்கிறதென்று அதன் அம்மாவுக்குக் கை காட்டுங்கள். முடிந்தால், முதல் நாள் கூடவே போய்விட்டு வாருங்கள்.