‘திடீர்’ என்ற ஒரு சொல்

1881இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. கொன்றவர் போயா முனிகாடு என்ற கூலிக்காரர். தன் மனைவி தன் எதிரியோடு இருந்ததை அவர் முதல் நாள் பார்த்திருக்கிறார். அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை கூலி வாங்கப் போன இடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததும், அந்த ஆளை அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டார்.

1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘கடுமையான, திடீரென்ற’ ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து ஒருவர் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது, தண்டனை குறையும். முனிகாடு வழக்கில் நடுவே ஒரு முழு இரவு கடந்திருந்தது. ஆனாலும் நீதிமன்றம் அவருக்கு அந்த விதிவிலக்கைக் கொடுத்தது. ஒரு கூலித் தொழிலாளி மேல் நீதிமன்றம் இரக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குக் கிடைத்த அந்த ஒரு இரவு வேறு யாருக்கெல்லாம் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

1959இல் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதிக்குக் கிடைக்கவில்லை. இடையில் கடந்த மூன்று மணி நேரம் ஆத்திரம் ஆறப் போதும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. (ஆனால் 1964இல் ஆளுநரின் மன்னிப்பு வந்துவிட்டது. அதிகாரிகளுக்கு நீதிமன்றக் கதவு மூடினாலும் இன்னொரு கதவு இருக்கும்.)

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் கோபம் என்றால் ஆணின் கோபம். பார்த்தான், கொதித்தான், வெட்டினான். பத்து வருஷம் அடிவாங்கும் பெண்ணின் கோபம் அப்படி வருவதில்லை. அடிக்கும்போது திருப்பி அடித்தால் இன்னும் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். அவன் குடித்துக் கிடக்கும்போதோ தூங்கும்போதோதான் அவள் கை எழும். சட்டம் அதைத் ‘திட்டமிட்ட கொலை’ என்று வாசிக்கும்.

இதில் முதல் உடைப்பு சென்னையிலேயே நடந்தது. 1989, சுயம்புக்கனி வழக்கு. கணவனின் கொடுமை தாங்காமல் ஒரு பெண் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தாள். பிள்ளைகள் இறந்தார்கள், அவள் பிழைத்தாள். கொலைவழக்கு. நீதிபதி டேவிட் அன்னுசாமி இதற்கு வைத்த பெயர் ‘நல்லதங்காள் நோய்க்குறி’. ஆத்திரம் ஒரே நொடியில் வர வேண்டியதில்லை, சின்னதும் பெரியதுமாகக் கொடுமைகள் நாள்கணக்கில் சேரும், கடைசியாக நடப்பது அற்பமான ஒன்றாகக்கூட இருக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. ‘நீடித்த ஆத்திரமூட்டல்’ என்ற சொல் நம் சட்டத்துக்குள் வந்தது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை, நீதிமன்றம்தான் உண்டாக்கியது. கொலைக்குற்றம் 304ஆவது பிரிவுக்குக் குறைந்தது.

முக்கியமான தீர்ப்புதான். ஆனால் அந்த இரக்கம் யாருக்குக் கிடைத்தது என்று கவனியுங்கள். தன்னையே அழித்துக்கொள்ளப் போன தாய்க்கு. அவளுக்குச் சொல்ல ஊரறிந்த ஒரு கதைப்பாட்டு இருந்தது. அம்மிக்குழவியைத் தூக்கிக் கணவன் தலையில் போட்டவளுக்கு அப்படி ஒரு பாட்டு இல்லை. குடித்துவிட்டுக் கட்டையால் அடித்த கணவனிடமிருந்து அதே கட்டையைப் பிடுங்கி அடித்த மஞ்சு லாக்ராவின் வழக்கில் கவுகாத்தி உயர் நீதிமன்றம் இந்தச் சிந்தனையைக் கையில் எடுத்தபோது வருஷம் 2013.

காவல் நிலையத்திலேயே முடிந்த வழக்குகளும் உண்டு. 2012இல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணைத் தற்காப்புரிமை என்று சொல்லிப் போலீஸ் விடுவித்தது. 2021 டிசம்பரில் நம் ஓட்டேரியிலும் ஏறக்குறைய அதே சம்பவம், அதே 100ஆவது பிரிவு. நல்ல முடிவுகள். ஆனால் இரண்டிலும் அந்தத் தாய் காப்பாற்றியது மகளை. வல்லுறவு நோக்கத்தோடு தாக்குபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். கணவன் மனைவியை வற்புறுத்தினால் அது வல்லுறவே இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓங்கியவள் எந்தப் பிரிவைக் காட்டுவாள்?

இதில் சாதி எங்கே வருகிறது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். விதிவிலக்கு வேண்டுமென்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. பத்து வருஷக் கொடுமையை எதை வைத்து நிரூபிப்பது? காகிதத்தை வைத்துத்தான். நம் தெருக்களில் அந்தக் காகிதம் உருவாவதே இல்லை. ‘உங்க ஏரியாவுல இது சகஜம்தானேம்மா, சமாதானமா போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். சேரியில் அடி சகஜம் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அது எப்படி ஆத்திரமூட்டலாகத் தெரியும்? ஆஸ்பத்திரியில் கணவன் பக்கத்தில் நிற்பான், ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அவளே சொல்வாள், ஏ.ஆர். நகலில் அதுவே ஏறும்.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா 1989இல் தூங்கும் கணவனுக்குத் தீ வைத்தார். பத்தாண்டுக் கொடுமை. முதல் தீர்ப்பு கொலை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு தெருவில் நின்று போராடி, 1992இல் வெளியே கொண்டுவந்தது. அப்போதும் நீதிமன்றம் அவரது கோபத்தை ஏற்கவில்லை, மனச்சோர்வைத்தான் ஏற்றது. நோயாளி என்று சொன்னால்தான் விடுதலை. ஆனால் அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக, 2009இல் அங்கே சட்டம் மாறி ‘திடீர்’ என்ற நிபந்தனை போனது. இங்கே 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆவது பிரிவில் அந்தச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

திருவொற்றியூரில் இறால் உரிக்கும் வேலை பார்க்கும் ஒரு அக்கா மூன்று முறை புகார் கொடுக்கப் போனார். மூன்று முறையும் ரசீது கிடையாது. நான்காவது முறை நானும் போய் உட்கார்ந்தேன். சி.எஸ்.ஆர். கைக்கு வரும்போது மாலை ஆறரை. ஆதார் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.